முகம் திரும்புற வரைக்கும்

சாரின்னு ஒரு வார்த்த, அத வாயத் தொறந்து சொல்லிட்டா நாக்கு தேஞ்சா போயிரும்னு மைமூன் கேட்டதுல தப்பு ஒண்ணும் இல்ல, தேயாதுதான், ஆனா எதுக்குச் சொல்லணும், அதுல்லா கேள்வி, அந்தக் கேள்விய எடுத்தாலே மைமூன் காதப் பொத்திக்கிடுதா, காதப் பொத்துனா கேள்வி செத்தா போவும்னு நெனச்சுக்கிட்டே அரசி செருப்பக் கழட்டி ஓரமாத் தள்ளிட்டு ரெண்டு வெறுங்காலையும் சிமெண்டுத் தரையில அழுத்தி வச்சா. தர ஜில்லுன்னு இருந்துச்சு. வெளிய பாளையங்கோட்ட வெயிலு காலேஜ் மைதானத்தப் போட்டு வறுத்துக்கிட்டிருக்கு, இந்த வராந்தாவுல மட்டும் யாரோ இப்பத்தான் கழுவி விட்டுட்டுப் போன மாதிரி ஒரு குளிர்ச்சி. பக்கத்துல வாதாமரம், அதுல ஒரு அணில் எதையோ கொறிச்சுக் கொறிச்சுக் கீழ போடுது. எதிர்ல ஸ்டாஃப் ரூம் கதவு, சாத்தியிருக்கு. உள்ள ஹெப்சிபா மேடம் தூங்குதாவ. மத்தியானச் சோறு உண்டதும் மேசையில தல வச்சு ஒரு கண்ணு அசந்தாத்தான் அவியளுக்கு அடுத்த கிளாஸ் ஓடும். அந்த நேரத்துல கதவத் தட்டுனவ எவளும் பாஸானதா சரித்திரம் இல்ல. அதனால காத்திருக்கணும். மங்கையர்க்கரசிங்கற இந்த அரசி, எம்.எஸ்சி. சைக்காலஜி கடைசி செமஸ்டர், டிபார்ட்மெண்டுலயே நாக்கு நீளமானவன்னு பேரெடுத்தவ, மன்னிப்புக் கேக்க வந்து பெஞ்சில உக்காந்திருக்கா. வயித்துல தயிர்சோறும் மோர்மொளகாயும் சொகமா எறங்கிக்கிட்டிருந்துச்சு. தூக்கம் மாதிரி ஒண்ணு, ஆனா தூக்கம் இல்ல, கண்ணு ரெண்டும் தொறந்துதான் இருக்கு, மனசு மட்டும் பாயி விரிச்சுப் படுத்துருச்சு. நல்லாத்தான் இருந்துச்சு. நல்லா இருக்கேங்கறது தெரிஞ்ச ஒடனே அவளுக்குச் சுருக்குன்னு கோவம் வந்துச்சு. என்னத்துக்கு நல்லா இருக்கணும்? தல போற காரியம் நடக்கு, இவளுக்குக் கால் குளுந்து கெடக்காம்.

"ஏட்டி, என்ன சொல்லப் போறன்னு ஒருக்க சொல்லிக் காட்டு"ன்னா மைமூன். மேலப்பாளையத்துக்காரி, முக்காட்டு நுனியச் சுருட்டிச் சுருட்டி விரல்ல மாட்டிக்கிட்டு, உதடு ரெண்டும் ஓதிக்கிட்டே இருக்கு. "சொல்லிக் காட்டுததுக்கு இது என்ன ஆண்டு விழா நாடகமா?"ன்னா அரசி. "ஒனக்கு நாடகம், எனக்கு வாழ்க்கைல்லா"ன்னா மைமூன், அது நெசம், அதுதான் அரசிக்கு வசமா வந்து குத்துன எடம். இந்த டிபார்ட்மெண்டுல ஒரு வழக்கம். மொத வருசம் ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேத்து விட்டுருவாவ, கடைசி பிராக்டிகல் வரைக்கும் அந்த ஜோடிதான். ஒருத்தி டெஸ்ட் எடுக்கணும், மத்தவ சப்ஜெக்டா உக்காரணும், அப்புறம் மாத்தி உக்காரணும். ஜோடியில ஒருத்தி வரலைன்னா மத்தவளும் பையத் தூக்கிட்டு வீட்டுக்குப் போவ வேண்டியதுதான், புருசன் செத்தா உடன்கட்ட ஏறுத மாதிரி. பிராக்டிகல் திங்கக்கெழம. அது முடிஞ்ச கையோட மைமூனுக்கு நிக்காஹ், மாப்பிள்ளைக்குக் கத்தார்ல வேல, கூட்டிட்டுப் போயிருவாவ. இந்தப் பரிச்ச விட்டுதுன்னா அடுத்த வருசம் திரும்பி வந்து எழுதுத கதையெல்லாம் நடக்காது, டிகிரி போச்சு. அரசிக்கு வேணும்னா அடுத்த வருசம் உண்டு, அதுக்கு அடுத்த வருசமும் உண்டு. அதனாலதான் வந்தா. வந்தது மைமூனுக்காக, அதச் சொல்லிட்டா மனசு லேசா ஆயிரும், ஆனா அப்படிச் சொல்லும்போதே உள்ள எவளோ ஒருத்தி, அது சூப்பர் ஈகோவோ என்ன எழவோ, மேடத்துக் கொரல்லயே கேக்கா, மைமூனுக்காகவா வந்த, நெசமாவான்னு. இதுதான் இந்தப் படிப்புப் படிச்சதுல வந்த வென. ஒரு வாய் தண்ணி குடிச்சாக் கூட எதுக்குக் குடிச்சேன்னு திரும்பிப் பாக்கச் சொல்லுது.

நடந்தது என்னன்னா, போன வாரம் லேப்ல சொல்லுக்குச் சொல்லு டெஸ்ட். மைமூன் ஒரு சொல்லு சொல்லுவா, அரசி மனசுல மொதல்ல வாரத அப்படியே சொல்லணும், யோசிக்கக் கூடாது, மைமூன் கையில ஸ்டாப்வாச். மரம்னா, நெழல்னா. வீடுன்னா, கரண்டுன்னா. கல்யாணம்னா, சாம்பார்னா. கத்தின்னா, எலுமிச்சன்னா. படபடன்னு சோளப்பொரி மாதிரி பொரிஞ்சுக்கிட்டே வந்தது, அப்பான்னு மைமூன் சொன்னதும் நின்னு போச்சு. சும்மா நின்னு போச்சு. முள்ளு பாட்டுக்குச் சுத்துது. அப்புறம் என்னமோ, வேட்டின்னோ என்னவோ சொல்லி வச்சா. பின்னால ஏலக்கா மணம் வரவும்தான் மேடம் நிக்காவன்னு தெரிஞ்சுது. மேடம் எப்பயும் ஒரு ஏலக்காய வாயில போட்டு ஒதுக்கிக்கிடுவாவ. குனிஞ்சு ஸ்டாப்வாச்சப் பாத்தாவ, ஒரு சிரிப்பு, மீன் சிக்குன சிரிப்பு. "எழுது மைமூன். பிளாக்கிங். மத்ததெல்லாம் மழையாக் கொட்டுது, அப்பாங்கற எடத்துல மட்டும் அண கட்டியிருக்கு. அப்பன் விசயத்துல என்னத்தையோ பூட்டி வச்சிருக்கா. நான் கிளாஸ்ல சொன்னம்லா, பொம்பளப் பிள்ளையோட மொத ஆச அப்பன் மேலதான் போயி நிக்கும்னு." அரசிக்கு நெஞ்சுக்குள்ள குப்புன்னு ஏறுச்சு. "அதெல்லாம் ஒரு மண்ணும் இல்ல மேடம், வாயில நெல்லிக்கா கெடந்துச்சு, அத ஒதுக்க நேரமாச்சு." "டெஸ்ட் நேரத்துல வாயில நெல்லிக்கா எதுக்கு? சப்பிக்கிட்டே இருக்கணும், கடிச்சுக்கிட்டே இருக்கணும், வாயி சும்மா இருக்கக் கூடாது. பால்குடி மாறாத பிள்ள மாதிரி ஓரல் ஸ்டேஜ்லயே குத்த வச்சு உக்காந்திருக்க." கிளாஸே சிரிச்சுது. அரசியும் சிரிச்சிருக்கலாம். "அப்போ நாள் பூரா ஏலக்கா மெல்லுதீயளே, நீங்க எந்த ஸ்டேஜ்ல உக்காந்திருக்கீய?"ன்னு கேட்டுட்டா.

கேட்டதுக்கு இப்பவும் வருத்தம் இல்ல. அது நல்ல கேள்வி. அணில் இப்ப கீழ எறங்கி வந்து பெஞ்சுக் கால்கிட்ட நின்னு ஒரு பார்வ பாத்துட்டு ஓடுது. நல்ல கேள்விதான், ஆனா அதோட விட்டிருக்கலாம். மேடம் மொகம் செவந்து போயி, "இல்ல இல்லன்னு இப்படிக் கத்துத பாத்தியா, அதுக்குப் பேருதான் ரெசிஸ்டன்ஸ்"ன்னாவ. "ஆமான்னு சொல்லியிருந்தா?" "ஒத்துக்கிட்டன்னு அர்த்தம்." "ஒண்ணுமே சொல்லாம இருந்தா?" "அமுக்கி வச்சிருக்கன்னு அர்த்தம்." "அப்போ நீங்க தப்புன்னு ஆவுததுக்கு நான் என்னதான் மேடம் செய்யணும், சாவணுமா? செத்தாலும் அதுக்கு ஒரு பேரு வச்சிருப்பாரே அந்தத் தாடிக்காரரு! இது சயின்ஸா, இல்ல குறி சொல்லுததா? குறிகாரி கூட ஒருநாள் இல்லைன்னா ஒருநாள், தப்பிப் போச்சும்மான்னு ஒத்துக்கிடுவா!" தாடிக்காரருன்னு அவ சொன்னது, மனசத் தோண்டிப் பாக்குத இந்த வித்தைய ஆரம்பிச்சு வச்சவர, லேப் சொவத்துல சட்டம் போட்டு மாட்டியிருக்க படத்த, வாயில சுருட்டோட நிக்காரு, அந்தச் சுருட்டுக்கு எந்த ஸ்டேஜுன்னு யாரும் கேக்கது கெடையாது. மூணாவது மாடி வரைக்கும் கேட்டுச்சாம் அவ சத்தம். மேடம் ஒண்ணும் கத்தல, அதான் இன்னும் மோசம். மெதுவா, ஒவ்வொரு சொல்லா, "மன்னிப்புக் கேக்காம இந்த லேப் படிய மிதிக்காத, ஹால் டிக்கெட்டுல கையெழுத்தும் கேக்காத"ன்னு சொல்லிட்டு ஏலக்காயத் துப்பிட்டுப் போய்ட்டாவ. மெதுவாப் பேசுத ஆளுகளக் கண்டா அரசிக்கு எப்பயும் ஒரு பயம். கத்துனா என்னன்னு தெரியும். மெதுவாப் பேசுனா அதுக்கு அடியில என்ன கெடக்குன்னு யாருக்குத் தெரியும்.

வீட்டுல போயி அம்மாகிட்ட கேட்டா, அதையும் விடல. "ஏம்மா, எனக்குப் பால் எப்படிம்மா நிப்பாட்டுன?"ன்னு அடுப்படி வாசல்ல நின்னு கத்துனா. அம்மா பேச்சியம்மா, கையில தோசக்கரண்டியோட, "என்னட்டி இப்ப வந்து கேக்க, மறுபடியும் குடிக்கப் போறியா?"ன்னு அவளும் கத்துனா. அவிய வீட்டுல எல்லாப் பேச்சும் கத்தல்தான். "வேப்பெண்ணெயத் தடவுனேன். எல்லாப் பிள்ளையும் அதோட விட்டுட்டு ஓடும். நீ மூஞ்சியச் சுளிச்சுக்கிட்டு அதையும் சேத்துக் குடிச்ச. பொறவு ஒருநா நீயா வேண்டாம்னு எறங்கிப் போன. எறங்கும்போது ஒரு கடி கடிச்சுட்டுத்தான் போன, வீணாப் போனவ." படிக்கும்போது தாடிக்காரரு இதத்தான் சொல்லியிருந்தாரு, பல்லு மொளைக்குத நாள்ல கடிச்ச பிள்ள பின்னால வாய்த் துடுக்கா வரும், குத்திக் குத்திப் பேசும், எதையும் மல்லுக்கு நின்னு கேக்கும்னு. அத நெனச்சுத்தான் அன்னைக்கு அவளுக்குச் சோறு எறங்கல. அப்படி இருந்துருமோன்னு இல்ல, அப்படி இருந்தா மேடத்துக்கு என்ன பதில் சொல்லன்னு. அண்ணன் ஒருத்தன் இருக்கான், அவனும் கடிச்சிருப்பான், அவன் வாயில வெரல வச்சாலும் கடிக்கத் தெரியாத பயலா வந்திருக்கான், அதுக்கு என்ன சொல்லுதாரு? ஆம்பளப் பிள்ளைட்ட இருக்கது நம்மட்ட இல்லையேன்னு பொம்பளப் பிள்ள ஏங்கும்னு ஒரு கிளாஸ்ல வந்தப்போ, எங்கண்ணன்ட்ட இருந்ததுல நான் ஏங்குனது அவன் சைக்கிள் ஒண்ணுக்குத்தான்னு அரசி எந்திரிச்சுச் சொன்னா. மேடம் ஒடனே, "சைக்கிளுன்னா என்ன சிம்பல் தெரியுமா?"ன்னாவ. இவியகிட்ட எதச் சொன்னாலும் அது வேற ஒண்ணு. சைக்கிளு சைக்கிளா இருக்க விடமாட்டாவ. ஆனா ஒண்ணு, அந்தக் கிளாஸ்தான் அவளுக்கு எல்லாத்துலயும் பிடிச்ச கிளாஸு. ஞாயித்துக்கெழம வந்தா திங்கக்கெழம எப்ப வரும்னு இருக்கும். போயி ஒரு கை பாக்கணும்னு இருக்கும். பிடிக்காத சாப்பாட்ட எவளாவது இப்படித் தட்டு வழிச்சுத் தின்பாளா?

இப்பக் கூடப் பாரு, கால் குளுந்து கெடக்கு, மனசு நெறஞ்சு கெடக்கு. தாடிக்காரரு கணக்குல சந்தோஷம்னு தனியா ஒரு சாமானே கெடையாது. உள்ள ஒரு இறுக்கம் ஏறும், அது இறங்கும், அந்த இறங்குததுதான் சந்தோஷம், அம்புட்டுதான். பசிச்சுது, தின்ன, சொகம். முட்டிக்கிட்டு வந்துச்சு, போன, சொகம். மனுசன்னா என்னவோ எப்பவும் எதையாவது எறக்கி வைக்கதுக்குத்தான் அலையுதான்னு. சரி, அப்படின்னா இப்ப எனக்கு என்ன எறங்கியிருக்கு? ஒண்ணும் எறங்கல. ஏறித்தான் நிக்கு. கதவு தொறந்தா மானம் போவப் போவுது, இல்லைன்னா மைமூன் டிகிரி போவப் போவுது. அப்படி இருக்கும்போது வாதாமரத்து நெழலு தரையில ஆடுதத பாத்துக்கிட்டு ஒருத்தி சும்மா நல்லா இருக்காளே, இவள எந்தக் கட்டத்துல போட்டு அடைப்பாரு? சொல்லட்டுமே. யாராவது சொல்லட்டுமே. "என்னட்டி சிரிக்க?"ன்னா மைமூன். "சிரிக்கலையே." "வாய் சிரிக்கி. அல்லாவே, உள்ள போயி இந்த மூஞ்சியோட நிக்காத, கேலி பண்ணுதன்னு நெனப்பாவ." "சரி, அழுத மூஞ்சி வேணுமா, ஒன் மூஞ்சியக் கழட்டித் தா, மாட்டிக்கிட்டுப் போறேன்"ன்னா அரசி. மைமூன் நறுக்குன்னு தொடையில கிள்ளுனா. அந்தக் கிள்ளு கூட நல்லா இருந்துச்சு.

அப்பத்தான் மைதானத்துப் பக்கம் விளையாட்டு விழாவுக்கு மைக் செட்டு கட்டுதவன் ஒருத்தன் மைக்க ஸ்பீக்கர் குழாய்க்கு நேரா பிடிச்சிட்டான் போல, கீய்ங்ன்னு ஒரு கூவல், காலேஜே காதப் பொத்துச்சு, கூறு கெட்டவன், மைக்கக் கொண்டு போயி குழாய் வாயில நீட்டலாமாடா, அப்பா இருந்தா செவுட்டுல ஒண்ணு விடுவாரு. அப்பா ஆறுமுகநயினாருக்கு அதான் தொழில். கோயில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் பூப்புனித நீராட்டு விழாவுக்கும் மைக் செட்டு போடுதவரு. மரத்துல ஏறிக் குழாய் கட்டி, அந்தக் குழாய்க்குக் கீழயே துண்ட விரிச்சுப் படுத்து, நடுராத்திரிச் சாமக்கொட முடியுத வரைக்கும் அங்கனயே கெடந்து கெடந்து காது ரெண்டும் மழுங்கிப் போச்சு. எடது காது சுத்தமாக் கேக்காது. வலது காதுல ஏதோ கொஞ்சம். அரசிக்குப் புத்தி தெரிஞ்ச நாள்ல இருந்து அவரு அப்படித்தான். 'அப்பா'ன்னு அடி வயித்துல இருந்து ஒரு சத்தம் குடுக்கணும். குடுத்துட்டு நிக்கணும். அவசரப்பட்டுச் சேதியச் சொல்லிறக் கூடாது, சொன்னா காத்தோட போச்சு. அந்தச் சத்தம் போயி அவரு மேல தட்டி, அவரு தலையத் தூக்கி, எந்தப் பக்கம்னு தேடி, மொகத்தத் திருப்பி, இவ வாயப் பாக்கணும். பாத்த பொறவுதான் சொல்லணும். பள்ளிக்கொடம் விட்டு வந்தா, அப்பா... நான் மொத மார்க்கு. அப்பா... அண்ணன் அடிச்சிட்டான். அப்பா... பசிக்கி.

அரசி நிமிந்து உக்காந்தா. மைமூன் என்னன்னு பாத்தா. "ஏட்டி, அந்தச் சொல்ல இன்னொருக்க சொல்லு." "எந்தச் சொல்ல?" "அன்னைக்கு டெஸ்ட்ல நின்னு போனம்லா, அந்தச் சொல்லு. சும்மா சொல்லு. முன்னால வேற ஏதாவது சொல்லிட்டு அதச் சொல்லு." மைமூன் இவளுக்கு நெசமாவே கழண்டு போச்சுன்னு ஒரு பார்வ பாத்துட்டு, "தண்ணி"ன்னா. "கொடம்." "ராத்திரி." "கொசு." "அப்பா." நின்னுச்சு. அப்படியே நின்னுச்சு, நெல்லிக்காயும் இல்ல ஒண்ணும் இல்ல, வாயி வெறும் வாயி, உள்ள பூட்டும் இல்ல தாழ்ப்பாளும் இல்ல, அவ காத்துக்கிட்டிருக்கா. கழுத்து லேசா ஏறியிருக்கு, கண்ணு நேரா ஒரு எடத்தப் பாக்கு. "என்னத்தட்டி தேடுத?"ன்னா மைமூன். "மொகத்த"ன்னா அரசி. "எந்த மொகத்த?" "எங்கப்பா மொகத்த. அவரு திரும்பல இன்னும். அதான் சொல்லல."

மைமூனுக்குப் புரியுததுக்குள்ள அரசிக்கு எல்லாம் மேல வந்து விழுந்துச்சு. அண கட்டி வைக்கல, ஒண்ணையும் அமுக்கி வைக்கல, எங்க வீட்டுல அப்பான்னு சொன்னா அதுக்கு அப்புறம் ஒரு இடம் விடணும், அம்புட்டுதான், அது எங்க வீட்டுப் பேச்சு. ஸ்டாப்வாச்சுல முள்ளு ஓடுதது அவருக்காக. அதப் போயி பிளாக்கிங்காம். நான் கத்துததும் அதுதான், கோவத்துல கத்துதேன்னு நெனச்சாவ, கோவமும் உண்டுதான், ஆனா எங்க வீட்டுல உப்பு எடுத்துக் குடுன்னு சொல்லுததே அந்தச் சத்தத்துலதான். ஓடிப் போயி கதவ உடைச்சுச் சொல்லணும்னு இருந்துச்சு, மேடம், நீங்க தப்பு, தப்பு, தப்புன்னு. எந்திரிக்கப் போனா. எந்திரிக்கப் போன கால் அப்படியே நின்னு போச்சு. ஏன்னா மனசுக்கு உள்ள இருந்தவ ஒரு கேள்வி கேட்டுட்டா. சின்ன வயசுல ஒண்ணு உள்ள போயி உக்காந்துருச்சு, அது அங்க இருக்கதே ஒனக்குத் தெரியல, நெல்லிக்கான்னு நீயே ஒரு பொய்யச் சொல்லி அதையும் நம்பிக்கிட்டுத் திரிஞ்ச, அது பாட்டுக்கு ஒன் வாயப் பிடிச்சு நிப்பாட்டுது. இதத்தானடி தாடிக்காரரு சொன்னாரு? சவம், பாதி சரியாப் போச்சே. அதுவும் எங்க வந்து நிக்கி, அப்பாவுலயே வந்து நிக்கி. அப்போ அந்த இன்னொரு பாதியும், மொத ஆசன்னு மேடம் சொன்னதும்? இவ வாயவே பாத்துக்கிட்டு இவ பேசுதத ஒரு சொல்லு விடாம எடுத்துக்கிட்ட மனுசன் ஒலகத்துல அவரு ஒருத்தருதான். மத்தவனெல்லாம் பேசும்போது போனப் பாப்பான், சொவத்தப் பாப்பான், வாய மூடுவாளான்னு பாப்பான். இவ வாய் பழகுனதே அந்தக் கண்ணுக்காகத்தானோ? கிளாஸ்ல எந்திரிச்சு நின்னு சொல்லம்பால அடிக்கதெல்லாம், ஏதோ ஒரு மொகத்தத் திருப்புததுக்குத்தானோ? வலது காதுல கெடக்க அந்தக் கொஞ்சமும் ஒருநா போயிரும், அப்ப சத்தம் குடுத்தாலும் அது அவருட்ட போயித் தட்டாது, இவ நின்னுக்கிட்டே இருப்பா, முதுகு முதுகாவே இருக்கும். அந்த நெனப்பு கல்லாட்டம் ஒரு நிமிசம் கனத்துச்சு.

கனத்துச்சு, அப்புறம் கனம் போச்சு. எங்க போச்சுன்னு தெரியல, அவ எதையும் எறக்கியும் வைக்கல. இருந்துட்டுப் போவட்டுமேன்னு ஒரு நெனப்பு, அது கூட நெனப்பு இல்ல, தர குளுந்து கெடக்குத மாதிரி ஒண்ணு. சின்னப் பிள்ளைல இருந்து வந்ததுதான், சரி, அதுக்கு என்ன இப்ப, ஆச ஆசன்னு அத ஒரு அசிங்கம் மாதிரி ஏன் முக்காடு போட்டு வைக்கணும்? ஒரு மனுசன் தலையத் தூக்கித் திரும்பிப் பாக்காரு, ஒரு பிள்ள அதுக்காக நின்னு காத்திருக்கு. இதுல வெக்கப்பட என்ன கெடக்கு. முதுகு திரும்பாத அன்னைக்கு முன்னால போயி நின்னாப் போச்சு, காலு இருக்குல்லா. பேரு வச்சா வச்சுக்கிடட்டும். பேரு தப்பு, அதச் சொல்லியே தீரணும். பாதி சரி, அதையும் சொல்லித் தொலைக்கணும், அதுதான் நாக்குல வேப்பெண்ணெய் மாதிரி நிக்கி. வேப்பெண்ணெயையும் சேத்துக் குடிச்சவதான நான்னு நெனச்சதும் அவளுக்குப் பொத்துக்கிட்டு வந்துச்சு சிரிப்பு. மைமூன் ரெண்டு கையாலயும் அவ வாயப் பொத்துனா, பொத்துன கையோட கதவு தொறந்துச்சு.

மேடம் கன்னத்துல வளையல் தடம் பதிஞ்சிருந்துச்சு, தூங்குனதுல. "ம், யாரு? நீயா? வா." அரசி வெறுங்காலோட உள்ள போனா. மேசையில டிபன் பாக்ஸ், கட்டுக்கட்டா பேப்பரு. சொல்லணும்னு இருந்ததெல்லாம் வாசல்ல ஒழுங்கா வரிசையில நின்னுச்சு, உள்ள வந்ததும் ஒண்ண ஒண்ணு நெரிச்சுக்கிட்டு வாய்ல வந்து மோதுச்சு. "மேடம், அன்னைக்கு நான்..." "சரி சரி, சாரிதான, போவட்டும், விடு"ன்னாவ மேடம், கொட்டாவிய அடக்கிக்கிட்டு. "சத்தம் கொஞ்சம் கொறைச்சுக்கோ, எக்ஸ்டெர்னல் வாரவிய வயசானவிய. ஹால் டிக்கெட்ட எடு." கையெழுத்தப் போட்டாவ. ஒரு இழுப்பு, கீழ ஒரு கோடு. "அவளையும் வரச் சொல்லு, அவளுக்கும் போட்டுருதேன்." வாசல்ல நின்ன மைமூன் காத்து மாதிரி உள்ள வந்து, நீட்டி, வாங்கி, கண்ணுல தண்ணியோட "தாங்ஸ் மேடம், தாங்ஸ் மேடம்"னு பின்னாலயே நடந்து வாசலுக்குப் போய்ட்டா. முடிஞ்சுது. அரசி ஒரு சாரி கூடச் சொல்லல, எல்லாம் கெடச்சாச்சு. மானமும் போவல, டிகிரியும் போவல. ஏறி நின்னதெல்லாம் எறங்கியாச்சு. இப்ப சொகமா இருக்கணும். தாடிக்காரரு கணக்குப்படி இந்த நிமிசம்தான் அந்த நிமிசம்.

அரசி அங்கனயே நின்னா. பொசுக்குன்னு இருந்துச்சு, பந்தியில உக்காந்து எலையப் போட்டுட்டு எழுப்பி விட்ட மாதிரி. வாசல்ல இருந்து மைமூன் கையக் கையக் காட்டுதா, வாட்டி, வாட்டி, வந்து தொலன்னு. மேடம் டப்பாவுல இருந்து ஒரு ஏலக்காய எடுத்து வாயில போட்டாவ, ஒரு பேப்பர எடுத்தாவ, படிக்கப் போனவிய படிக்கல. முன்னால ஒருத்தி நிக்காள்லா.

"இன்னும் என்ன? அதான் போட்டாச்சே. வந்த வேல முடிஞ்சுதுல்லா, பொறவு என்னத்துக்கு நிக்க?"

"அதத்தான் மேடம் நானும் கேக்கேன்"ன்னா அரசி. "வந்த வேல முடிஞ்சுது. எனக்கு இப்ப ஒரு தேவையும் கெடையாது. அப்புறம் ஏன் நிக்கேன்? உங்காளு அந்தத் தாடிக்காரருகிட்ட இதுக்கு என்ன பதில் இருக்கு?"

கொரல் தன்னால ஏறியிருந்துச்சு, வராந்தாவே அதிர்ந்திருக்கும். வாசல்ல மைமூன் ரெண்டு கையையும் தலையில வச்சுக்கிட்டா. ஹெப்சிபா மேடம் கையில இருந்த பேப்பரக் கீழ வச்சாவ, கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மாட்டிக்கிட்டு, நல்லாப் பாத்தாவ. கோவமா இல்லையான்னு ஒண்ணும் பிடிபடல. அப்புறம் எதிர்ல கெடந்த நாற்காலிய காலாலயே ஒரு தள்ளு தள்ளி, அவ பக்கம் விட்டாவ.

"உக்காரு"ன்னாவ. "மொதல்ல இருந்து சொல்லு."